6/18-க்குள் அடங்காத பார்வை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டால், வெர்னியர் அளவுகோலின் மெல்லிய கோடுகளைப் படிப்பதே பெரும்பாடாகிவிடும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை அவர் ஓரளவு படித்துவிடலாம். கேஸ் ஷீட்டில் பார்வை அளவு 6/18 என்று ஏறும், பரவாயில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நேர்க்கோடு நெளிந்து தெரிவதையும், இருட்டியபின் ஆவடி பஸ்ஸின் எண் புரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதையும், இன்சுலின் ஊசியின் யூனிட் கோட்டைப் பார்க்க மகளைக் கூப்பிடுவதையும் 1862-இல் கண் மருத்துவர் ஸ்னெல்லன் கொடுத்த அந்தப் பலகை எப்படிச் சொல்லும்?

இதையெல்லாம் கேட்டு மதிப்பெண் போடக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தேசிய கண் நிலையத்தின் 25 கேள்விகளில் கார் ஓட்டுவதற்கே தனிப் பகுதி உண்டு; நம் லேத்காரருக்கு அதனால் என்ன பயன்? நம் நாட்டு நோயாளிகளிடமே பேசி உருவாக்கிய 33 கேள்விகளின் தாள் 2005-லேயே வந்துவிட்டது. பார்வை மங்குவதால் வரும் மனச்சுமையையும் அது கேட்கிறது. அந்தத் தாளை ஆய்வோடு நிறுத்திவிடாமல் மருத்துவமனையிலும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் வாதம். இதற்குக் கண் பாவை விரியச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கும் நேரம் போதும்; அப்போது எழுத்து தெரியாது, ஆகவே ஒருவர் வாய்விட்டுக் கேட்டுக் குறிக்க வேண்டும். சிகிச்சைக்காகக் கண்ணுக்குள் ஊசி போடும் முன்பும், சில மாதம் கழித்தும் கேளுங்கள். துணைக்கு வருகிறவர் இழக்கும் அன்றைய கூலியையும் சேர்த்தே கேளுங்கள்.