பிலிமுக்கு ஆத்மாவும் இல்லை, ஆவியும் இல்லை

பிலிம் கேமரா பத்தி யாராவது எழுத ஆரம்பிச்சா மூணாவது வரியில் "டிஜிட்டல்ல இல்லாத ஒரு ஆத்மா பிலிம்ல இருக்கு"ன்னு வந்துடும். எனக்கு அங்கேயே கடுப்பாயிடும். பிளாஸ்டிக் பட்டையில் ஜெலட்டின் பூசி, அதுக்குள்ள வெள்ளி உப்பு கலந்து வச்சிருக்கான். இதுல ஆத்மா எங்கேர்ந்து வந்துச்சு?

நானும் பிலிம்ல படம் எடுக்கிற ஆள்தான். அதனாலதான் வயித்தெரிச்சல். தப்பான காரணத்துக்காக ஒரு விஷயத்தைக் கொண்டாடினா, அந்தக் காரணம் பொய்னு தெரிஞ்ச அன்னிக்கு விஷயத்தையே தூக்கிக் கடாசிடுவாங்க.

வழக்கமான காரணங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

"கலர் அழகு, கிரெய்ன் அழகு." செல்போன்ல ஒரு பில்டரைத் தட்டினா அதே கலர், அதே கிரெய்ன். பக்கத்துல பக்கத்துல வச்சா நம்மில் எத்தனை பேரு கண்டுபிடிப்போம்?

"36 படம்தான், அதனால யோசிச்சு எடுப்போம்." டிஜிட்டல் கேமராவிலும் 36 படத்தோட நிறுத்திக்கலாமே. யாரு கையைப் பிடிச்சா?

"காத்திருக்கிறது ஒரு சுகம்." ரேஷன் கடை வரிசையிலும்தான் காத்திருக்கோம். யாராவது சுகம்னு கவிதை எழுதினோமா? :-)

பின்ன எதுக்குய்யா பிலிம்? கைவேலைக்காக. அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டுல கழுவிப் பாருங்க, தெரியும். புத்தகத்துல டெவலப்பர் 20 டிகிரியில இருக்கணும்னு போட்டிருக்கும். சித்திரை மாசத்து மதுரை மொட்டைமாடித் தொட்டித் தண்ணி அதைப் படிச்சுட்டுச் சிரிக்கும். சூடு ஏற ஏற டெவலப்பர் வேகமா வேலை செய்யும். ஏழு நிமிஷ வேலை மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சா படம் திட்டுத் திட்டா வரும். அதனால டி-76 கரைசலில் சரிபாதி தண்ணி கலந்து நீர்க்க வைக்கணும், நேரம் நீளும். பாட்டிலைச் சுத்தி வாளியில ஐஸ்கட்டி. அதுக்காக டெவலப்பரை மட்டும் குளிர வச்சு, அலசுற தண்ணியைச் சூடா ஊத்தினா ஜெலட்டின் சுருங்கி வலை வலையா வெடிக்கலாம். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கணும்.

இருட்டுப் பைக்குள்ள கையை விட்டு ரீல்ல பிலிமைச் சுத்துறப்ப கண்ணால ஒரு பிரயோஜனமும் இல்ல. விரல்தான் பார்க்கணும். கை வேர்த்தா பிலிம் ஒட்டிக்கிட்டு நகராது, அதனால விடிகாலையில செய்யறது உத்தமம். நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, காய்ஞ்சதும் நெகட்டிவ்ல வெள்ளைப் புள்ளி வைக்கும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்.

இதெல்லாம் தொல்லைதானே? ஆமா. அந்தத் தொல்லைதான் ஹாபி. நெகட்டிவ்ல ஒரு கோடு விழுந்தா அது கேமராவுல விழுந்துச்சா, ரீல்ல விழுந்துச்சா, துடைக்கிறப்ப விழுந்துச்சான்னு தேடிப் பிடிக்கலாம். உள்ளே என்ன நடக்குதுன்னு இப்படி முழுசா புரியற பொருள் இன்னிக்கு நம்ம வீட்டுல எத்தனை இருக்கு?

மதுரைக்கு இது புதுசும் இல்ல. 1858-ல லின்னேயஸ் டிரைப்னு ஒருத்தர், சென்னை மாகாண அரசோட போட்டோகிராபர், மாட்டுவண்டியில சாமான் ஏத்திக்கிட்டு வந்து மீனாட்சி அம்மன் கோவிலையும், தெப்பக்குளத்தையும், திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். பெரும்பாலும் மெழுகு ஏத்தின காகித நெகட்டிவ். வானம் வெளிறிப் போனா நெகட்டிவ்லயே பெயிண்ட் தொட்டு மேகம் வரைஞ்சிருக்கார்! நேப்பியர் காலத்துல மகாலைச் செப்பனிடுறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு நாம பார்க்க முடியுதுன்னா அந்தக் கைவேலையாலதான். 1859-ல வந்த கவர்னர் டிரெவெல்யன், இது அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்னு அந்த வேலையையே ஒழிச்சுக் கட்டினார். "பிலிம் தண்டச் செலவு"ன்னு இன்னிக்குச் சொல்றவங்க ஒண்ணும் புதுசா சொல்லிடலை.

இப்ப அடுத்த கோஷ்டி. பழைய கேமரா வாங்கி, ரோலை கூரியர்ல லேபுக்கு அனுப்பி, ஸ்கேனை மெயில்ல வாங்கி, "ஆத்மா"ன்னு தலைப்பு வச்சுப் போடுறவங்க. கலர் பிலிமுக்கு 38 டிகிரி சூட்டை அசையாம பிடிச்சு வைக்கணும், லேபுக்குத்தான் போகணும்னு சொன்னா ஒத்துக்கறேன். கறுப்பு வெள்ளையையும் அனுப்புறீங்களே, அது ஏன்? சமையல்னா உயிர்னு சொல்லிட்டு தினமும் பார்சல் வாங்குற கதைதான்.

இது வெறும் நக்கல் இல்ல. ஊட்டியில 1960-ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-லேர்ந்து "இந்து"ங்கற பேர்ல பிலிமும் பேப்பரும் செஞ்சது. 1996-ல நலிவடைஞ்ச நிறுவனம்னு அறிவிச்சாங்க, அப்புறம் இழுத்து மூடியாச்சு. பேக்டரி போனா பிலிமை வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சுக்கலாம். கைப்பழக்கத்தை எந்த நாட்டுலேர்ந்து வரவழைப்பீங்க? நெகட்டிவ்ல பென்சில் வச்சு முகப்பரு அழிச்ச ஸ்டூடியோக்காரங்க ஒவ்வொரு ஊரிலும் இருந்தாங்க. மிச்சம் இருக்கிறவங்க எல்லாம் வயசானவங்க. போய்க் கேளுங்கய்யா, அவங்க இருக்கும்போதே.

"கெமிக்கல் கெடுதல் இல்லையா?"ன்னு ஒருத்தர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி. பழைய ஹைப்போவுல வெள்ளி கரைஞ்சிருக்கு, சாக்கடையில ஊத்தக் கூடாது. கேன்ல சேர்த்து வைங்க. எக்ஸ்ரே ஹைப்போவை வாங்கி வெள்ளி பிரிக்கிறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கொடுங்க. இதுவும் கைவேலையில சேர்த்திதான்.

அடுத்த தடவை "பிலிமின் ஆத்மா"ன்னு எழுத உட்காருறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரோலை உங்க கையால கழுவிட்டு வாங்க. விரல்ல ஹைப்போ நாத்தம் அடிக்கும்போது அந்த வார்த்தையை எழுதத் தோணுதான்னு பார்ப்போம்.