'சிஸ்டர், எனக்கு மாத்து கிட்னி வைக்கலாமா?' டயாலிசிஸ் செவிலியர்களுக்கு ஏன் மாற்று சிகிச்சை தெரிஞ்சிருக்கணும்?

வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஒரு டயாலிசிஸ் நோயாளி வருஷத்துக்கு 600 மணி நேரத்துக்கு மேல் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறார். அந்த நேரம் முழுக்க அவர் அருகில் இருப்பது டாக்டர் அல்ல, செவிலியர்தான். அதனால் 'மாத்து கிட்னி வைக்கலாமா?' என்ற கேள்வியும் முதலில் அவரிடம்தான் வருகிறது.

பதில் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 2008-ல் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவரது பெற்றோர் தானம் செய்த பிறகு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் வேகம் பிடித்தது. இப்போது உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை சிகிச்சை உண்டு.

ஆனால், டயாலிசிஸ் செய்துகொண்டாலே காத்திருப்போர் பட்டியலில் பெயர் தானாகச் சேராது. உரிமம் பெற்ற மாற்று சிகிச்சை மருத்துவமனைக்குப் போய், பரிசோதனை முடித்துப் பதிவு செய்ய வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாவிட்டால், தகுதியுள்ள நோயாளியும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார்.

ஆபரேஷனுக்கு முன்பு

மாற்று சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. கட்டுப்படாத நோய்த்தொற்று, தீவிர இதய நோய் போன்றவை தடையாகலாம். முடிவெடுப்பது டாக்டர்தான். ஆனால் தயார்படுத்துவதில் செவிலியருக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி விடுபடாமல் பார்ப்பது ஒன்று. தேவையில்லாமல் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்ப்பது இன்னொன்று. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகலாம். அப்புறம் பொருந்தும் கிட்னி கிடைப்பதே சிரமம்.

ஆபரேஷனுக்குப் பிறகு

புது கிட்னியை உடல் அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை, கிட்னி வேலை செய்யும்வரை, தினமும் குறித்த நேரத்தில் சாப்பிடணும். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. இந்த வரிசை மாறினால் அளவு தப்பாகக் காட்டும். அதை வைத்து டோஸும் தப்பாகலாம்.

'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. காய்ச்சல், சிறுநீர் குறைவது, திடீர் எடை, கால் வீக்கம், கிட்னி வைத்த இடத்தில் வலி ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்குவதும் கூடாது.

என்ன செய்யலாம்?

மாற்று சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் இதற்கென ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். நோயாளி வாரம் 3 நாள் போவதோ ஊர்ப் பக்கத்து டயாலிசிஸ் மையத்துக்கு. அங்குள்ள செவிலியருக்கும் இந்தப் பயிற்சியும், நோயாளியிடம் உட்கார்ந்து பேச நேரமும் கிடைத்தால், பட்டியலில் பெயர் சேர்வதும், வைத்த கிட்னி நிலைப்பதும் கொஞ்சம் எளிதாகும்.