டெமோவில் ஜெயித்துவிட்டு என்னிடம் கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சார், ஃபாரெக்ஸ் டெமோவில் நல்லா வருது. நிஜப் பணம் போடலாமா?" கேட்டவர்களில் ஒருவர் மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார், கான்ட்ராக்ட் வேலை. டெமோவில் கொடுத்த பத்தாயிரம் டாலர் எட்டு வாரத்தில் பதினான்காயிரத்தைத் தாண்டிவிட்டதாம். அப்பாவுக்கு வந்த கிராஜுவிட்டியிலிருந்து மூன்று லட்சம் கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்த பணம் அது.

லாபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திரையில் ஓடுகிற அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. மெயின் பஜாரில் தக்காளி நிறுக்கிற தராசுக்குக்கூட அரசு முத்திரை இருக்கிறது. இந்த விலைக்கு முத்திரை வைத்தது யார்?

பங்கு விலை என்றால் என்.எஸ்.இ. போன்ற சந்தையில் நடந்த வியாபாரத்தின் விலை, அதற்குப் பதிவு உண்டு. உலக நாணயச் சந்தைக்கு அப்படி ஒரு பொது இடம் கிடையாது. 2025 ஏப்ரல் கணக்குப்படி ஒரு நாளைக்கு 9.6 லட்சம் கோடி டாலர் அளவுக்கு அங்கே கைமாறுகிறது. ஆனால் அத்தனையும் வங்கிகளும் நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி முடிப்பது. உங்கள் செயலியை நடத்தும் நிறுவனம் தனக்குக் கிடைக்கும் சில விலைகளை எடுத்து, தன் பங்கைச் சேர்த்து, உங்களுக்கு ஒரு விலை காட்டுகிறது. அது அந்தக் கடையின் விலை. பொய் என்று சொல்ல வரவில்லை. சரிபார்க்கப் பொதுவான ஏடு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

நிஜக் கணக்குக்கே நிலைமை இது. டெமோ இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. மெட்டாட்ரேடர் வைத்திருப்பவர்கள் லாகின் செய்யும் இடத்தைப் பாருங்கள், டெமோவுக்கு ஒரு சர்வர் பெயரும் நிஜக் கணக்குக்கு வேறு பெயரும் இருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை இரண்டிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை வாங்கி விற்பவருக்கு அந்த இடைவெளிதான் லாபமா நஷ்டமா என்று தீர்மானிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வரைபடம் பொதுவாக விற்கும் விலையை மட்டும்தான் வரையும். நீங்கள் விற்று வைத்திருந்தால், உங்கள் ஸ்டாப் லாஸ் வேலை செய்வது வாங்கும் விலையில். அதனால் வரைபடத்தில் விலை உங்கள் கோட்டைத் தொடாமலே கணக்கு மூடிவிடும். இடைவெளி குறுகலாக இருக்கும் டெமோவில் இது கண்ணில் படாது. நிஜத்தில், வட்டி விகித அறிவிப்பு வரும் அந்த இரண்டு நிமிஷத்தில் இடைவெளி அகலும்போது, "சார், ஏமாத்திட்டாங்க" என்று ஃபோன் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், டெமோவில் நீங்கள் போடும் ஆர்டர் எங்கும் போவதில்லை. எதிரே வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. கணினி அந்த நொடியின் விலையை எழுதிக்கொண்டு "முடிந்தது" என்கிறது. பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்யும்போது சில பேர் ஊசலை ஆட்டாமலே 9.8 வருகிற மாதிரி ரீடிங் எழுதிக் கொண்டுவருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விடை அழகாகத்தான் இருக்கும். (யார் யார் என்று எனக்கு அப்போதே தெரியும்.)

நிஜத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2015 ஜனவரி 15 ஒன்று போதும். ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற எல்லையைக் காப்போம் என்று சொல்லிவந்த சுவிட்சர்லாந்து மத்திய வங்கி, அன்று திடீரென்று அதைக் கைவிட்டது. சில நிமிஷங்களுக்குக் கேட்ட விலையில் வாங்க ஆளே இல்லை. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கும் அது போட்ட இடத்தில் நிறைவேறவில்லை, வெகு தூரம் தள்ளி நிறைவேறியது. போட்ட பணம் போனதோடு பலர் கடன்காரர்களாகவும் ஆனார்கள். எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற பெரிய நிறுவனத்துக்கு மட்டும் வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி சுமார் 22.5 கோடி டாலர். லண்டனில் அல்பாரி நிறுவனம் திவாலானது.

அதே எஃப்.எக்ஸ்.சி.எம். மீது 2017 பிப்ரவரியில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. "உங்கள் வியாபாரத்தில் எங்களுக்கு எதிர்ப் பக்கம் கிடையாது" என்ற தோரணையில் வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு, தனக்குத் தொடர்புள்ள இன்னொரு நிறுவனத்தை எதிர்ப் பக்கத்தில் நிற்க வைத்து லாபம் பார்த்தது என்பது குற்றச்சாட்டு. 70 லட்சம் டாலர் அபராதம் போட்டு, அமெரிக்காவை விட்டே வெளியேற்றினார்கள். கண்காணிப்பு உள்ள நாட்டில் பேர்பெற்ற நிறுவனத்தின் கதையே இப்படி. எங்கோ ஒரு தீவில் பதிவு செய்துவிட்டு, டெலிகிராமில் ஆள் பிடிப்பவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? நீங்கள் தோற்றால் அவர்களுக்கு லாபம் என்றால், டெமோவில் உங்களைத் தோற்கடிக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் முதலில் வெளியிட்டபோது 34 பெயர்கள் இருந்தன. பிறகு பலமுறை அது நீண்டிருக்கிறது. "எங்க ஆப் அந்த லிஸ்டில் இல்லையே சார்" என்கிறார்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே அனுமதி உண்டு என்று ஆகாது, அதையும் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தனியாக இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெமா சட்டப்படி, மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அது பணம் கட்டியவர் தலையில் விழும்.

என்.எஸ்.இ.-யில் முறையாகச் செய்யலாமே என்றால், 2024 மே முதல் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் அந்நியச் செலாவணித் தேவை உண்மையில் உள்ளவர்களுக்குத்தான் இடம். ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டுக் கடன் இப்படி ஏதாவது இருக்க வேண்டும். ஊகத்துக்கு மட்டும் வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. நம் பிள்ளைகள் வெளிநாட்டுச் செயலிகள் பக்கம் போக அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பங்குகளில் செபி செய்திருப்பதையும் பாருங்கள். நேரலை விலையை வைத்து விளையாட்டு நடத்துபவர்களுக்கு அதைத் தரக்கூடாது என்று 2024 மே மாதம் உத்தரவிட்டார்கள். பாடம் மட்டும் நடத்துபவர்கள் மூன்று மாதம் பழைய விலையைத்தான் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் சொன்னார்கள். ஆசிரியனாக எனக்கு இது சரியாகவே படுகிறது. பழைய விலையை வைத்து வரைபடம் படிக்கக் கற்கலாம், ஆசை ஏறாது.

டெமோவை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரிந்துகொள்ள அது நல்ல கருவி. ஆனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இரண்டு வேறு நிறுவனங்களின் டெமோவைத் திறந்து, நேற்றைய யூரோ-டாலர் உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் கடைசி இலக்கங்களில் வித்தியாசம் வரும். சர்வர் கடிகாரம் வேறாக இருந்தால் நாளே வேறு நேரத்தில் தொடங்கும். நீங்கள் நம்பும் அம்பும் கோடும் அந்த இலக்கங்களிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. எது சரி என்று இரண்டு நிறுவனங்களையும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஏற்கெனவே பணம் அனுப்பி, எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் யாராவது இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எடுப்பதற்கு "வரி கட்டு" என்று மேலும் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், காலையில் நடைப்பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.