வெள்ளைப் புகைக்கெல்லாம் எஞ்சினை இறக்க வேண்டுமா?

விடியற்காலையில் லாரியை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. எஞ்சின் சீராக ஓடாமல் கேபினே குலுங்குகிறது. ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்கிறார் டிரைவர். நாமக்கல், சங்ககிரி பக்கம் பட்டறைக்குக் கொண்டுபோனால் பல நேரம் கிடைக்கும் பதில் இதுதான்: ‘வண்டிக்கு வயசாயிருச்சுங்ணா, எஞ்சினை எறக்கிரலாம்.’ இறக்கினால் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று பில் நீளும். ஒரே லாரியை வைத்துக்கொண்டு தவணை கட்டுபவருக்கு அது பல மாத வருமானம். வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு தனி.

இறக்கியே ஆகவேண்டிய எஞ்சின்களும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் வெள்ளைப் புகையை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வருவது மருத்துவமல்ல, குறி சொல்வது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தும்போது அது ஐந்நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலை மிக நுண்ணிய தூறலாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தாலோ, தூறல் சொட்டாக மாறினாலோ, பீய்ச்சும் நேரம் தப்பினாலோ டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலமென்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் ஏதோ ஒன்று எரியாமலே வெளியே வருகிறது: ஒன்று டீசல், இல்லையென்றால் தண்ணீர். குளிர்காலத்தில் ஊட்டியிலோ ஏற்காட்டிலோ காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் வரும் வெள்ளைப் புகைக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால்தான் கேள்வி.

டீசலா தண்ணீரா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், வாடையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீரென்றால் இனிப்பு வாடை வரும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்கின்றன. அது கூலன்ட்டின் வாடை. நம் பழைய லாரிகள் பலவற்றின் ரேடியேட்டரில் இருப்பதோ வெறும் போர் தண்ணீர். அதற்கு என்ன வாடை வரும்? ஆகவே மூக்கை நம்பாமல் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்) ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால், தண்ணீர் மட்டம் நாளுக்கு நாள் இறங்கினால், டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கட்டையும் ஹெட்டையும் சந்தேகிக்கலாம். அப்போது வண்டியைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் அது நிறைந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

தண்ணீர் இல்லை, டீசல்தான் என்று தெரிந்துவிட்டால் பழைய லாரி தன் குறையைத் தானே சொல்லிவிடும். ஆறு சிலிண்டருக்கும் பம்பிலிருந்து ஆறு இரும்புக் குழாய்கள் தனித்தனியே போகின்றன. 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியும், அந்த வரிசைப் பம்புக்கு இன்றுவரை பட்டறைகளில் மைக்கோ பம்ப் என்றுதான் பெயர். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, முதல் குழாயின் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். அந்த சிலிண்டருக்குப் போகும் டீசல் வெளியே கசியும், எஞ்சின் சத்தம் சட்டென்று தளரும். நட்டை இறுக்கினால் சத்தம் பழையபடி திரும்பும். அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று பொருள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றைத் தளர்த்தும்போது மட்டும் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாமல் கிடந்த சிலிண்டர். ஒரு ஸ்பேனர், ஒரு பழந்துணி, கொஞ்சம் காது. இவ்வளவுதான் செலவு. விரலை மட்டும் கசிவுக்கு நேரே நீட்டக்கூடாது; அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

குற்றவாளி நான்காம் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. நான்கின் இன்ஜெக்டரை இரண்டுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தால் போதும். மிஸ்ஸிங்கும் இரண்டுக்குத் தாவினால் நாசில் போய்விட்டது. டெஸ்டரில் ஏற்றிப் பார்த்தால் தூறாமல் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். நான்கிலேயே நின்றால் டேப்பட் இடைவெளி, அதன்பிறகு கம்ப்ரஷன். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கலாம். இந்தப் படிகளைத் தாண்டி, கம்ப்ரஷன் உண்மையிலேயே விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகே எஞ்சினை இறக்கும் பேச்சு வரவேண்டும்.

ஆறுமே ஒரே மாதிரி தடுமாறினால் குறை எஞ்சினுக்குள் இல்லாமல் அதற்கு முன்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் கசிவைத் தேடுகிறவர் கண்ணில் அது படுவதில்லை. கண்ணாடி போன்ற டியூபைக் கொஞ்ச நேரம் இடையில் மாட்டினால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். பம்ப் கப்ளிங்கின் போல்ட் தளர்ந்து டைமிங் பின்தங்கியிருக்கலாம். பழைய மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, ‘எப்ப இருந்து இப்படி?’ என்று கேட்பது இதற்காகத்தான். பம்ப் வேலை பார்த்த மறுநாளிலிருந்து என்றால் டைமிங். புது இடத்தில் டீசல் போட்டதிலிருந்து என்றால் தண்ணீர் கலந்த டீசல். மலை ஏறும்போது ஹீட் ஆனதிலிருந்து என்றால் கேஸ்கட்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்வதில்லை? மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரை நாள் உட்கார்ந்து குறையைக் கண்டுபிடித்து, ‘ஒரு ஹோஸ்தாங்ணா, மாத்திட்டேன்’ என்று சொல்கிறவருக்கு முதலாளி ஹோஸின் விலையைத்தான் கொடுக்கிறார். ‘பார்த்ததுக்கெல்லாம் காசா?’ என்பார். பாகங்களை மாற்றினால் கேள்வி கேட்காமல் பணம் வருகிறது. அப்படியிருக்க யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? டாக்டருக்கு ஃபீஸ் கொடுப்பதைப்போல, குறையைக் கண்டறிவதற்கென்று தனிக் கூலி வந்தாக வேண்டும்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதும் தவறு. அந்தச் சோதனை எஞ்சினைச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறது. பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு அனுமதி 2.45, பிஎஸ்-4 வண்டிக்கு 1.62. கரியைப் பிடிப்பதற்கு உருவான முறை அது. காலைக் குளிரில் வெள்ளையாகக் கக்கிவிட்டு, சூடானதும் அடங்கிவிடும் லாரி அதில் தேறிவிடலாம். தேறிய லாரியில் எரியாத டீசல் தினமும் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டிருக்கும். கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ரிங்கும் லைனரும் தேயும். ஒரு நாசிலில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கண்டுகொள்ளாமல் விட்டதாலேயே நிஜமாக எஞ்சினை இறக்குவதில் போய் முடியும்.

ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பயிற்சி ஓராண்டு. இன்று வரும் இளைஞர்கள் ஸ்கேனரைக் கையில் எடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும். காமன் ரெயில் எஞ்சினில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். அங்கே ஓடும்போது நட்டைத் தளர்த்துவது உயிரோடு விளையாடுவது. ஆனால் பழைய பம்ப் லாரியில் ஸ்கேனரை மாட்ட இடமே இல்லை. செங்கல் லோடு, தண்ணீர் டேங்கர், போர்வெல் வண்டி என்று அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வரை நாசில் டெஸ்டரும் சத்தம் கேட்கும் காதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

லாரி உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை யாராவது எஞ்சினை இறக்கச் சொன்னால், எந்த சிலிண்டர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். நட்டைத் தளர்த்திப் பார்த்து நம்பர் சொல்பவருக்கு அந்த அரை நாளுக்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். நம்பர் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.