யாரிடம்?

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மளிகைக் கடையில் பற்று எழுத வைத்திருப்பார்களே, கெட்டி அட்டை போட்டது, அந்த மாதிரி. என் வீடியோ கேம்களின் கணக்கு முழுக்க அதில்தான். வரிசை எண், பெயர், எந்தக் கருவிக்கு, எப்போது வாங்கியது, கடைசியாக ‘யாரிடம்’ என்று ஒரு கட்டம். யாராவது இரவல் வாங்கிப் போனால் அவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவேன். திரும்பி வந்ததும் அடித்துவிடுவேன். அடிக்கப்படாமல் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவரோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது, கேசட்டால் அல்ல.

போன மாதம் வீடு மாறினோம். மூட்டை கட்ட உதவிக்கு வந்த அக்கா மகன், வேலையை விட்டுவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, மொத்தமே நூத்திப் பதினாலுதானா? என்கிட்ட இருநூத்தம்பதுக்கு மேல இருக்கு.”

“எங்கேடா?”

செல்போனை எடுத்து, ஸ்டீம் என்ற டவுன்லோட் கடையில் இருக்கும் தன் கணக்கைக் காட்டினான். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. பாதிக்கு மேல் தள்ளுபடியில் வாங்கி இன்னும் திறந்தே பார்க்காதவை என்று அவனே ஒப்புக்கொண்டான். அதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, என் அலமாரியிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை உண்டு. ஆனால் அவன் சேகரிப்பு வீடு மாற ஒரு பாஸ்வேர்டு போதும். என்னுடையதற்கு மூன்று அட்டைப்பெட்டியும், மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று “இதுல என்ன சார், செங்கல்லா?” என்று கேட்ட ஒரு ஆளும் தேவைப்பட்டார்கள்.

“டவுன்லோட் பண்ணதெல்லாம் சேகரிப்புல சேராதுடா” என்றேன்.

“ஏன் மாமா?”

“கையில புடிக்க முடியாதே.”

அவன் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய் ஏழாவது வரியில் விரலை வைத்தான். காண்ட்ரா, கேசட், 1996. யாரிடம்: பெரியப்பா மகன். “இதுவும் உங்க கையில இல்லையே. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. இது மட்டும் எப்படி நூத்திப் பதினாலுல வருது?”

பயல் சரியான இடத்தில் பிடித்தான். அன்று மழுப்பிவிட்டேன். அப்புறம் ஒரு மாதமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். டவுன்லோட் என்பது நேற்று முளைத்த பழக்கம், அதற்கு முந்தைய உலகம் முழுக்கக் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது என்று என் வயதுக்காரர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1986 பிப்ரவரியிலேயே நிண்டெண்டோ ஜப்பானில் தன் ஃபாமிகாம் பெட்டிக்கு ‘டிஸ்க் சிஸ்டம்’ என்று ஒரு துணைக்கருவி விற்றது. நாம் இங்கே மரியோவும் காண்ட்ராவும் ஆடிய நகல் பெட்டிகளுக்கெல்லாம் மூலம் அந்த ஃபாமிகாம்தான். டிஸ்க் சிஸ்டத்துக்கான டிஸ்க்குகள் மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு. ஆடி அலுத்துவிட்டால் டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப் போகலாம். அங்கே ஒரு எந்திரம் நிற்கும். 500 யென் கொடுத்தால் பழைய விளையாட்டை அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் வேறொன்றை எழுதிக் கொடுப்பார்கள். செல்டா வரிசையின் முதல் விளையாட்டு வெளிவந்ததே இந்த டிஸ்க்கில்தான். ஆக, கையில் இருக்கும் பொருள் வேறு, அதற்குள் இருக்கும் விளையாட்டு வேறு என்ற சிக்கல் அப்போதே வந்துவிட்டது. பழைய டிஸ்க் வாங்கும் சேகரிப்பாளர் லேபிளை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க முடியாது. மேலே ஒரு பெயர், உள்ளே வேறு ஆள் குடியிருக்கலாம்.

அதற்கடுத்த கூத்து 1995 ஏப்ரலில். சூப்பர் ஃபாமிகாமுக்கு ‘சாட்டலாவியூ’ என்று ஒரு இணைப்பு வந்தது. விளையாட்டுகள் செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்கு வரும். வானொலியில் பாட்டு வருகிற மாதிரி, குறித்த நேரத்தில் ஒளிபரப்பாகும், இறக்கிக்கொள்ள வேண்டும். சேமித்து வைக்க மெமரி பேக் என்று ஒரு சின்னக் கட்டி. அதன் கொள்ளளவு 8 மெகாபிட். இன்றைய கணக்கில் ஒரு மெகாபைட், ஒரு செல்போன் போட்டோவுக்குக்கூடப் பற்றாது. புதிது வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டியதுதான். சிலவற்றை இத்தனை தடவைதான் ஆடலாம் என்று பூட்டியும் வைத்திருந்தார்கள். 2000 ஜூனில் ஒளிபரப்பு நின்றது. அதற்கப்புறம் அந்த விளையாட்டுகள் எங்கே போயின? கடையில் இல்லை, ஒளிபரப்பு இல்லை. யாரோ ஒருவர் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் மெமரி பேக்கில் கடைசியாக எது இறங்கியதோ அது மட்டும் மிச்சம். இன்றைக்கும் ஆர்வலர்கள் பழைய மெமரி பேக்குகளைத் தேடி வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துப் பிரதி எடுக்கிறார்கள். ஏதோ ஒரு ஜப்பானியச் சிறுவன் அழிக்கச் சோம்பல்பட்டதால் பிழைத்தவை அவை. அதைப் பார்த்து “இது டவுன்லோட், சேகரிப்பில் சேராது” என்று சொல்லும் தைரியம் எனக்கு வராது.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2014 ஆகஸ்டு 12 அன்று ப்ளேஸ்டேஷன் 4-க்கு ‘பி.டி.’ என்று ஒரு இலவச விளையாட்டு வந்தது. யார் செய்தது என்றுகூடச் சரியாகப் போடவில்லை, கேள்விப்படாத ஒரு ஸ்டுடியோ பெயர்தான் இருந்தது. திறந்தால் ஒரு வீட்டு நடைவழி. நேராகப் போய் வலப்பக்கம் திரும்பி, கதவைத் திறந்தால் மறுபடி அதே நடைவழி. சுவரில் படங்கள், ஒரு கடிகாரம், வானொலியில் ஒரு கொலைச் செய்தி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். விளக்கு ஆடும், குளியலறைக் கதவு இம்மியளவு திறந்திருக்கும். என் மனைவி இரண்டாவது சுற்றிலேயே டிவியை அணைத்துவிட்டு “பொழுது விடிஞ்சப்புறம் ஆடிக்கோங்க” என்றாள். கடைசிவரை போனவர்களுக்குத்தான் தெரிந்தது, அது ‘சைலண்ட் ஹில்ஸ்’ என்ற பெரிய விளையாட்டுக்கான முன்னோட்டம் என்று. ஹிடேயோ கோஜிமாவும் சினிமா இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்தது.

என் பெட்டியின் ஹார்டு டிஸ்க் 500 ஜிபி. 2015 தொடக்கத்தில் புதிதாக ஒன்றை ஏற்ற இடம் போதவில்லை. பட்டியலைப் பார்த்தேன். இலவசமாக வந்தது, ஆடி முடித்தது, வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று பி.டி.யை அழித்தேன். எதை ஏற்ற அழித்தேன் என்பது இன்று நினைவில்லை, அது வேறு கொடுமை. அந்த ஏப்ரலிலேயே சைலண்ட் ஹில்ஸ் கைவிடப்பட்டது. 29-ஆம் தேதி, அதை வெளியிட்ட கொனாமி நிறுவனம் பி.டி.யைக் கடையிலிருந்து எடுத்தது. கொஞ்ச நாளில், முன்பு இறக்கியவர்களும் மறுபடி இறக்க முடியாமல் போனது. அழிக்காமல் வைத்திருந்தவர்கள் தங்கள் ப்ளேஸ்டேஷனை ஈபேயில் ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லிப் போட்டார்கள். பெட்டிக்கல்ல அந்த விலை, உள்ளே இருந்த நடைவழிக்கு.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் சரக்கு, சும்மா கொடுத்தார்கள், அழித்தது நான். ஆனால் பத்து வருடம் ஆகியும் அது போனது எனக்கு உறுத்துகிறது. காண்ட்ரா போனது எப்படி உறுத்துகிறதோ அப்படியே. என்னுடையதாக இல்லாத ஒன்று தொலைந்தால் உறுத்துமா?

அலமாரியை மட்டும் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். ப்ளேஸ்டேஷன் 4-இல் டிஸ்க் போட்டாலும் விளையாட்டு முழுக்க ஹார்டு டிஸ்க்குக்குத்தான் போகிறது. டிஸ்க் பூட்டுக்குச் சாவி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-க்குச் சில விளையாட்டுகளை ‘கேம் கீ கார்டு’ என்று விற்கிறார்கள். பெட்டி உண்டு, கார்டு உண்டு, கார்டுக்குள் விளையாட்டு மட்டும் கிடையாது, நெட்டில் இறக்க வேண்டும். (குழந்தைகள் விழுங்காமலிருக்க முதல் ஸ்விட்ச் கார்டிலேயே கசப்பு மருந்து தடவியிருக்கிறார்கள் என்று படித்தேன். நக்கிப் பார்த்தேன். இரண்டு டம்ளர் மோர் குடித்தும் போகவில்லை.) யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014-இல் வந்த கார்ப் பந்தயம், டிஸ்க்கிலும் விற்றது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் கடைசியில் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருப்பவர்களிடம் இப்போது பளபளப்பான ஒரு வட்டம் இருக்கிறது. இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மனு போட்டு, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட டிஸ்க் என் நோட்டுக் கணக்கில் வருமா? தயங்காமல் எழுதுவேன், அதுதான் வெட்கக்கேடு. ஓடாத டிஸ்க் சேர்த்தி, ஓடுகிற டவுன்லோட் சேர்த்தி இல்லை!

கையில் பிடிப்பது என்ற அளவுகோல் இங்கேயே உடைந்துவிட்டது. வேறு எது? நான் இரவலைத்தான் சொல்வேன். கேசட்டை ஊதி மாட்டிய காலத்திலிருந்து விளையாட்டு என்றால் இன்னொருவனுக்குக் கொடுக்க முடிந்தது, கொடுத்துவிட்டுத் திரும்பி வருமா என்று பதறியது. அலுத்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். இதைச் சொன்னதும் மருமகன் “ஸ்டீம்ல ஃபேமிலி ஷேரிங் இருக்கு மாமா” என்றான். இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் ஒரு நொடியில் நிறுத்திவிட முடிகிற இரவலில் என்ன இரவல்? பெரியப்பா மகன் அந்தக் கேசட்டைத் தராமலே இருக்க முடிந்தது, பாருங்கள், அதனால்தான் அது என்னுடையது.

கடைக்காரர்களே இப்போது இதை ஒப்புக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உரிமம் மட்டும் விற்கிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. அதற்கு முன்பே ஸ்டீம் தன் பக்கத்தில் நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. மருமகன் அந்த வரியைப் பார்த்ததே இல்லையாம். பத்திரத்தில் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்.

ஆக, நான் வந்து நின்ற இடம் இது: கடை திறந்திருக்கும்வரை டவுன்லோட் என்பது கடைச் சரக்கு. நம் பெயரில் எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கடை மூடிய அன்றைக்கு எவன் பெட்டியில் எது இருக்கிறதோ அது அவன் சேகரிப்பு. இதிலும் ஓட்டை உண்டு. 2010-இல் டவுன்லோடாக மட்டும் வந்த ‘ஸ்காட் பில்கிரிம்’ விளையாட்டு 2014 கடைசியில் கடைகளிலிருந்து மறைந்தது. அழிக்காமல் வைத்திருந்தவர்கள் ஆறு வருடம் பொக்கிஷம் காத்தார்கள். 2021 ஜனவரியில் அது கடைக்குத் திரும்பி வந்தது, பொக்கிஷம் ஒரே காலையில் சரக்காகிவிட்டது. ஆனால் அப்படித் திரும்புவது அபூர்வம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. கேசட்டாக வந்தவையும் அதில் சேர்த்திதான்.

நேற்று மருமகன் மறுபடி வந்திருந்தான். நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘டவுன்லோட்’ என்று தலைப்புப் போட்டு, என் கணக்கில் இருக்கும் இருபத்து மூன்றையும் எழுதச் சொன்னேன். பென்சிலில். ‘யாரிடம்’ கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ‘கடை’. வெற்றி அடைந்த முகத்தோடு எழுதி முடித்தான்.

“முன்பக்கத்துக்குப் போ. நூத்திப் பதினஞ்சு. பேனாவுல எழுது, பி.டி.”

“அது இல்லையே மாமா? அழிச்சுட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“காண்ட்ராவும்தான் இல்லை. எழுதுடா.”

கருவி, வருடம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொன்னேன். எழுதினான். அடிக்கப்படாத பெயர்கள் இப்போது பத்து.