வௌவாலும் முன்வினையும்

வௌவால் குருடென்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது பொய். பெரிய பழந்தின்னி வௌவால் இரவில் வழி காண்பதே கண்ணால்தான். அக்கண்ணில் மங்கிய ஒளியை வாங்குவது ரோடாப்ஸின் என்னும் பொருளாகும். அதிலுள்ள ரெட்டினால், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாவது. ஒளி பட்டதும் அது உருமாறுவதால்தான் நரம்புக்குச் செய்தி போகிறது. மனிதன் கண்ணிலும் இதே ஏற்பாடுதான். கண்ணில் அவ்வைட்டமினைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டு 1967-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி கெட்டுக் குழந்தை குருடாகவும் கூடும்.

இப்படியிருக்க, கண் மங்கிய குழந்தையைக் காட்டி "முன்வினை" என்பவர்களை நாம் கேட்கிறோம்: வௌவால் எந்த ஜன்மத்தில் என்ன புண்ணியம் செய்து இரவில் பார்க்கிறது? கீரையும் முட்டையும் கொடுக்கவேண்டிய இடத்தில் தலைவிதியைக் கொடுப்பது பக்தியல்ல, கொடுமையேயாகும்.