திரும்பி வருவதற்கு என்ன அத்தாட்சி?

பேறுகாலத்துக்கு மகளிடம் போகிற தாயைப் பார்த்து அமெரிக்க சர்க்கார் என்ன கேட்கிறது தெரியுமா? ஊருக்குத் திரும்பி வருவதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறது!

மில் தொழிலாளி வீட்டிலிருந்தும் விவசாயக் கூலியின் குடிசையிலிருந்தும் பிள்ளைகள் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருக்கிறார்கள். அங்கே மகளுக்குப் பிரசவம் என்றால் தாய் போக வேண்டாமா? போக விசிட்டர் விசா வேண்டும். கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் மனு எழுத வேண்டும். பணம் கட்ட வேண்டும். பிறகு சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரில் போய் நிற்க வேண்டும். 2023 ஜூனில் மனுக் கட்டணத்தை 185 டாலராக உயர்த்தினார்கள். நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் ஒரு காசு திரும்பாது. அப்பீலும் கிடையாது. மறுபடி மனுப் போட்டால் மறுபடி பணம்.

ஜன்னலில் பேச்சு சில நிமிஷம்தான். அதற்குப் பின்னால் 1952-ம் வருஷத்துச் சட்டம் நிற்கிறது. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றே கொள்ள வேண்டும். அப்படியல்ல என்று அதிகாரி திருப்தியடையும்படி அவர்தான் காட்ட வேண்டும் என்கிறது அதன் 214(பி) பிரிவு. கொலைக் கேஸில்கூடக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது சர்க்கார்! இங்கே பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவள் தன்னைத்தானே நிரூபிக்க வேண்டும்.

(இந்தச் சட்டம் நமக்குப் பழைய பரிச்சயம். கம்யூனிஸ்டுகளை உள்ளே விடாதே என்று சொன்னதும் இதுதான். ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ செய்தும் அங்குள்ள பார்லிமெண்ட் கேட்கவில்லை. நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ்கூட இதில் மாட்டித் திண்டாடினார். பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் விஷயத்தில் 1990-ல் அந்தத் தடை பெருமளவு விலகியது. சந்தேகப் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.)

எதுதான் அத்தாட்சி? நிலையான வேலை, வீடு, நிலம், குடும்பம். செலவை மகள் ஏற்றுக்கொள்கிறாள், அவளே உத்தரவாதம் தருகிறாள் என்பது போதாதாம். தாய்க்கே ஊரில் பிடிப்பு இருக்க வேண்டுமாம். சரி, இருபது வருஷம் ரிங் பிரேமில் நின்றவளிடம் என்ன தாள் இருக்கிறது? அவள் காண்டிராக்டரின் ஆள். மில் ரிஜிஸ்டரில் அவள் பெயர் இல்லை. வாரக் கூலி கையில் வரும், சீட்டு வராது. லீவு கேட்டால் “இனிமேல் வராதே” என்பதுதான் பதில். நாற்று நடுகிறவளுக்கோ குடியிருக்கும் குடிசைக்கே பட்டா இல்லை. பிறந்த ஊரை விட்டு நகராதவர்கள் இவர்கள். ஊரில் பிடிப்பில்லாதவர்கள் என்று காகிதத்தில் ஆவதும் இவர்களேதான்!

பணமூட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே 1990 திருத்தத்தில், மூலதனம் போடுகிறவனுக்கு நிரந்தரமாகத் தங்கவே வழி வைத்தார்கள். 2022-ல் வந்த விதிப்படி குறைந்தது 8 லட்சம் டாலர் போட்டு, பத்துப் பேருக்கு வேலை காட்ட வேண்டும். எப்போது ஊர் திரும்புவாய் என்று அவனிடம் கேட்பாரில்லை.

“பாங்கில் பணம் இருப்பதாகக் காட்டுகிறேன், சர்டிபிகேட் தயார் பண்ணித் தருகிறேன்” என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்த் தாள் பிடிபட்டால் ஆயுள் முழுவதற்கும் தடை விழும். தரகன் கமிஷனோடு போய்விடுவான். உள்ளதைச் சொல்லி மறுக்கப்பட்டவராவது மறுபடி கேட்கலாம்.

வாஷிங்டன் சட்டத்தை நாம் இங்கிருந்து திருத்த முடியாது. ஆனால் அந்த ஜன்னலில் கைகொடுக்கக்கூடிய தாள்கள் எவை? நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு, சம்பளத்தோடு லீவு, வீட்டுமனைப் பட்டா. மில் கேட்டிலும் தாலுகா ஆபீஸ் வாசலிலும் சங்கம் கேட்டுவருகிற அதே தாள்கள்! இவற்றைத் தராமல் வைத்திருப்பது அமெரிக்கக்காரன் அல்ல, நம்மூர் முதலாளியும் நம்மூர் சர்க்காருமே.

இந்த வாரம் கூலி வாங்கும்போது சீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் மறுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதி சங்க ஆபீஸில் கொடுங்கள்.